மூக்கு எப்படி வேலை செய்யுது? ஆறு வயசுப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்றது?

கரும்பலகை:
ஆறேழு வயசுப் பிள்ளைகளுக்கு மூக்கைப் பற்றி அரைமணி நேரம் சொல்ல வேண்டும். "மூக்கு வாசனை அறியும் உறுப்பு" என்பதோடு விட்டுவிட மனமில்லை. அவர்கள் கேட்கப்போவது வேறு: எதுக்கு ரெண்டு ஓட்டை? அழுதா ஏன் மூக்கு ஒழுகுது? சளி பிடிச்சா சாப்பாடு ஏன் சப்புனு இருக்கு? கையோடு செய்து காட்ட ஏதாவது உண்டா?

நாசிகை:
வாசனையில ஆரம்பிக்காதீங்க. மூக்குக்கு முழுநேர வேலை காற்றைப் பக்குவப்படுத்துறது, மோப்பம் பகுதிநேரம்தான்.

மூக்குக்குள்ள போற காற்று நேரா நெற்றிக்கு ஏறுதுன்னுதான் பிள்ளைகள் படம் வரைவாங்க. அதை முதல்லயே திருத்திடுங்க. மூக்கு நுனியில விரலை வெச்சு, காதுமடலை நோக்கி இழுத்துக் காட்டுங்க: வழி பின்பக்கமா, அண்ணத்துக்கு மேலே, தொண்டை வரைக்கும். உள்ளே ஒவ்வொரு பக்கச் சுவர்லயும் மூணு மடிப்பு நீட்டிக்கிட்டு இருக்கும். எலும்பு மேல ரத்தம் நிறைஞ்ச ஈரச் சவ்வு. காற்று அதை உரசிக்கிட்டுப் போறப்பவே சூடும் ஈரமும் ஏறிடுது. வாசல்ல இருக்கிற முடி பெரிய தூசியைத் தடுக்கும், பொடித்தூசி சளியில ஒட்டிக்கும். அந்தச் சளியைக் கண்ணுக்குத் தெரியாத பிசிர்கள் நொடிக்குப் பத்துத் தடவை போல அடிச்சு, நிமிஷத்துக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் தொண்டைப் பக்கம் நகர்த்துது. ஸ்கேல்ல அந்த 5 மில்லிமீட்டரைக் காட்டுங்க. கடைசியில நாம அதை முழுங்கிடுறோம். "ச்சீ"ன்னு கத்துவாங்க, கத்தட்டும், அதுதான் மறக்காது.

அழுகைக்குப் பதில் கண்ணிலேயே இருக்கு. கீழிமையோட மூக்கோர மூலையில ஊசிமுனை அளவு துளை தெரியும். கண்ணீர் அது வழியா மூக்கோட கீழ்மடிப்புக்கு அடியில வந்து இறங்குது.

செய்துபார்:
இரண்டு துளைக்குக் கைக்கண்ணாடி போதும். மூக்குக்குக் கீழே கிடையாகப் பிடித்து, வாயை மூடி மூச்சு விடச் சொல்லுங்கள். இரண்டு ஆவித் திட்டுகள் படியும்; பெரும்பாலும் ஒன்று பெரிதாக இருக்கும். ஒரு பக்க மடிப்பு வீங்கி ஓய்வெடுக்கும்போது மறுபக்கம் அதிகக் காற்றை விடும், சில மணி நேரத்தில் முறை மாறும். காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை பார்த்தால் பலருக்குப் பெரிய திட்டு இடம் மாறியிருக்கும். எல்லாருக்கும் மாறாது, அதையும் சொல்லிவிடுங்கள்.

கண்ணாடி வெதுவெதுப்பாக இருந்தால் ஆவி படியாது. அதற்காகக் குளிர்பெட்டியில் வைத்தால் அறையின் ஈரமே மேலே படிந்து காரியத்தைக் கெடுக்கும். தண்ணீரில் நனைத்து நன்றாகத் துடைத்தால் சரி.

மோப்பக்காரன்:
மோப்பம் பிடிக்கும் இடம் மூக்கின் கூரையில் இருக்கும் சிறு திட்டு. சாதாரண மூச்சில் கொஞ்சக் காற்றுதான் அங்கே எட்டும். அதனால்தான் "மோந்து பார்" என்றால் யாரும் சொல்லித்தராமலே சர்ர் என்று உறிஞ்சுகிறோம். சளி பிடித்தால் அந்த வழி அடைபடுகிறது. நாக்குக்கு ஒரு கேடும் இல்லை.

அந்தத் திட்டில் வாசனைத் துகள்களை உணரும் ஏற்பிகள் சுமார் 400 வகை உண்டு. வாசனைக்கு ஒன்று என்ற கணக்கில்லை. 12 உயிரும் 18 மெய்யும் கூடிக் கூடி எத்தனை சொல் வருகிறதோ, அப்படி ஏற்பிகள் சேரும் விதத்தில் வாசனைகள் பிறக்கின்றன. (உங்களுக்காக: இந்த ஏற்பி மரபணுக்களை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் 1991-இல் வெளியிட்டார்கள், 2004-இல் நோபல்.)

சோதனைக்கு மென்மையான பழத்துண்டு, விரல்நக அளவு. கண்ணை மூடி, மூக்கைப் பிடித்த *பிறகே* வாயில் போட வேண்டும். மென்றால் இனிப்பு, புளிப்பு அவ்வளவே. முழுங்குவதற்கு முன் மூக்கை விட்டு மூச்சை வெளியே விட்டால் என்ன பழம் என்று சட்டென்று தெரியும். வாயின் பின்வழியாகக் காற்று கூரைக்கு ஏறுகிறது. முன்கூட்டியே விடுகிற பிள்ளைக்குச் சோதனை வீண். உட்கார்ந்தபடிதான். ஒவ்வாமை கேட்டுவிட்டுத்தான்.

கரும்பலகை:
அருமை. மோந்து பார்க்கப் பொடிகள் வைக்கலாமா? நடுவில் யாருக்காவது மூக்கில் ரத்தம் வந்தால்?

நாசிகை:
பொடி வேண்டாம், உறிஞ்சிடுவாங்க. பஞ்சுல வாசனையுள்ள திரவம் ஒரு சொட்டு விட்டு, துளை போட்ட மூடியுள்ள டப்பாவுல வைங்க. மணி, விதை, பட்டன் எதுவும் மேசை மேல இருக்கக் கூடாது. மூக்கு பற்றிப் பேசின அன்னிக்கே உள்ளே போகும். ஒரு பக்கம் மட்டும் நாற்றத்தோட சளி வந்தா உள்ளே ஏதோ சிக்கியிருக்கலாம், டாக்டர்கிட்ட காட்டணும். பட்டன் பேட்டரின்னா ஒரு நிமிஷமும் தாமதிக்காம மருத்துவமனை. சில மணி நேரத்துலயே உள்ளே அரிச்சிடும்.

ரத்தம் பெரும்பாலும் ரெண்டு ஓட்டைக்கும் நடுவுல இருக்கிற சுவரோட முன்பகுதியில இருந்துதான் வரும். உட்கார வெச்சு, தலையை *முன்னால* குனியச் சொல்லி, எலும்புக்குக் கீழே இருக்கிற மெத்துன்னு பகுதியைப் 10 நிமிஷம் விடாம அழுத்திப் பிடிங்க. நின்னுச்சான்னு நடுவுல எட்டிப் பார்க்கக் கூடாது. தலையை அண்ணாந்தா ரத்தம் வயித்துக்குள்ள போய் வாந்தி வரும். ரெண்டு தடவை இப்படிப் பிடிச்சும் நிக்கலைன்னா மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போங்க.