கல்வி நிதி: இரண்டாம் ஆண்டுக்குப் போனவர்களை மறந்துவிட்டோம்

அனைவருக்கும் வணக்கம்.

நம் சங்கப் பொருளாளர் அனுப்பிய கல்வி நிதிக் கணக்கைப் படித்தேன். வரவு செலவில் ஒரு பிசகும் இல்லை. ஆனால் இந்த ஆண்டும் மொத்தப் பணமும் புதிதாகக் கல்லூரியில் சேருகிறவர்களுக்கே போகிறது. அதைப் பற்றித்தான் இந்த மடல். கொஞ்சம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்ற ஆண்டு நாம் உதவித்தொகை கொடுத்தவர்களில், கணினி அறிவியல் படிக்கும் ஒரு தம்பியுடன் ஞாயிற்றுக்கிழமைகளில் பேசிவருகிறேன். ஒருநாள், எழுதிய நிரலைக் காட்டச் சொன்னேன். கேமராவுக்கு முன்னால் ஒரு நோட்டைத் தூக்கிப் பிடித்தான். பென்சிலால் எழுதிய நிரல், நான்கு பக்கம். திறந்த அடைப்புக்குறி எல்லாம் ஒழுங்காக மூடியிருந்தது. எந்த வரியில் பிழை வரலாம் என்று சந்தேகமோ, அங்கெல்லாம் ஓரத்தில் ஒரு சின்னக் கேள்விக்குறி. மடிக்கணினி கிடையாது. மாலையில் வேலைக்குப் போவதால் கல்லூரி ஆய்வகத்தில் அவனுக்குக் கிடைப்பது முக்கால் மணி நேரம். அதற்குள் நோட்டைப் பார்த்துத் தட்டச்சு செய்து, நிரல் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு இவனும் ஓட வேண்டும்.

“சங்கத்தில் கேட்டிருக்கலாமே?” என்றேன்.

“ஒரு தடவை கொடுத்துவிட்டீர்களே அண்ணா, மறுபடியும் எந்த முகத்தோடு கேட்பது?”

சரி, நாமே கேட்போம் என்று குழுவுக்கு எழுதினேன். ‘ஒருவருக்கு ஒருமுறைதான், விதியில் இடமில்லை’ என்று நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. குழுவை நொந்து பயனில்லை. அந்த விதியை எழுதிய மூவரில் நானும் ஒருவன்.

நம்மில் பலர் எச்-1பி என்ற வேலை விசாவில் அமெரிக்கா போனவர்கள். அந்த விசாவுக்காக நிறுவனங்கள் கட்டும் கட்டணத்தில் ஒரு பங்கு, 1998இல் வந்த ஒரு சட்டப்படி, அந்நாட்டுத் தேசிய அறிவியல் அறக்கட்டளைக்குப் போகிறது. அதிலிருந்துதான் வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அறிவியல், பொறியியல் படிக்க உதவித்தொகை தருகிறார்கள். எஸ்-ஸ்டெம் என்று பெயர். அதில் எனக்குப் பிடித்தது, பணத்தைக் கையில் கொடுத்ததோடு கல்லூரியின் பொறுப்பு தீர்ந்துவிடுவதில்லை என்பது. படித்து முடிக்கும்வரை வழிகாட்ட ஆசிரியர்களும் கூடவே வர வேண்டும்.

அட்லாண்டாவில் உள்ள ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் 2011இல் செய்ததும் நமக்குப் பாடம்தான். கட்ட வேண்டிய கட்டணத்தில் சில நூறு டாலர் பாக்கி வைத்ததற்காகவே ஒவ்வொரு பருவத்திலும் ஏராளமானோர் பெயர் நீக்கப்பட்டது. பட்டம் வாங்கக் கொஞ்ச தூரமே இருந்தவர்களும் அதில் உண்டு. யாரும் மனுப் போடக் காத்திராமல், பல்கலைக்கழகமே கணக்கைப் பார்த்துக் குறையும் சிறு தொகையைச் செலுத்தத் தொடங்கியது. கூச்சப்படும் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய மரியாதை உண்டா?

அடுத்தது கணிதம். ‘நம் பிள்ளைகளுக்கு அடிப்படை போதாது, எளிய கணக்குகளாகக் கொடுத்துத் தனி வகுப்பு வைப்போம்’ என்று சென்ற கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. நல்லெண்ணம்தான், ஆனால் எனக்கு உடன்பாடில்லை. 1970களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி டிரைஸ்மன் என்ற கணிதக்காரர், நுண்கணிதத்தில் கறுப்பின மாணவர்கள் ஏன் தோற்கிறார்கள் என்று அவர்களுடனேயே பழகிப் பார்த்தார். உழைப்பில் குறையில்லை. ஆனால் அவர்கள் தனித்தனியாக அறைக்குள் உட்கார்ந்து படித்தார்கள். நன்றாகத் தேறிய சீன வம்சாவளி மாணவர்களோ கூடி உட்கார்ந்து ஒருவர் விடையை ஒருவர் திருத்திக்கொண்டார்கள். டிரைஸ்மன் எளிய கணக்கைத் தேடிப் போகவில்லை. கடினமான கணக்குகளைக் கொடுத்துக் குழுவாக உட்கார வைத்தார். தேர்ச்சி கூடியது. மட்டம் தட்டும் வகுப்புக்கு யார் ஆசையோடு வருவார்கள்?

ஆகவே என் கோரிக்கை இதுதான். நிதியில் மூன்றில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வையுங்கள். இரண்டாம் ஆண்டு முதல் இறுதியாண்டு வரை படிக்கிறவர்களுக்குக் கட்டணக் குறை, மடிக்கணினி, தேர்வுக் கட்டணம் என்று எது வந்தாலும் ஒரு வாரத்துக்குள் முடிவு சொல்ல இரண்டு பேர் போதும். முழுக் குழுவும் கூட வேண்டியதில்லை. ஒவ்வொரு மாணவனுக்கும் மாணவிக்கும் அதே துறையில் இருக்கும் ஒருவர் மாதம் இரண்டு முறை பேச வேண்டும். அறிவுரை வேண்டாம். ‘இந்தப் பருவத்தில் எந்தப் பாடம் இடிக்கிறது?’ என்று கேட்டாலே பாதி விஷயம் வெளியே வந்துவிடும். கணினித் துறையில் இன்னும் இரண்டு பேரை நான் பார்த்துக்கொள்கிறேன். வேதியியலுக்கும் மின்னியலுக்கும் ஆள் வேண்டும். பெயர் கொடுங்கள்.

என் வீட்டு அலமாரியில் பழைய மடிக்கணினிகள் இரண்டு கிடந்தன. தரவுகளை அழித்து, ஒன்றுக்குப் புது மின்கலமும் போட்டுவிட்டேன். அடுத்த மாதம் ஊருக்குப் போகிறவர் யாராவது பெட்டியில் இடம் இருந்தால் சொல்லுங்கள். ஒன்று அந்தத் தம்பிக்கு. மற்றொன்று யாருக்கு என்று குழு சொல்லட்டும், இந்த முறை நான்கு மாதம் ஆகாமல்.