விஜிஏ ‘லாட்ச்’: தாழா, ஏந்தியா?

கொக்குவில்:
வணக்கம். பழைய விஜிஏ அட்டையில் (கணினித் திரைக்குப் படம் அனுப்பும் அட்டை) புள்ளி போடும் பாடத்துக்கு ‘லாட்ச்’ (வந்த பெறுமானத்தைப் பிடித்து வைக்கும் சுற்று) என்பதைத் தமிழில் ‘தாழ்’ என்று எழுதலாமா? 74373 என்ற லாட்ச் சிப்பைப் படித்த பிள்ளைகளுக்கு உடனே விளங்கும். அதன் இயலச்செய் முனை (enable) தாழ்நிலைக்கு, அதாவது 0 க்கு, வந்ததும் உள்ளே நின்ற பெறுமானம் பூட்டுப்படும். வீட்டுச் சொல்தான் வேண்டுமென்றால் கதவில் போடும் ‘திறாங்கு’ இருக்கிறது.

நல்லூர்:
தம்பி, 74373 இல் பூட்டுவதற்கென்று ஒரு முனை உண்டு. விஜிஏயில் நிரலர் தொடக்கூடிய அப்படியொன்று இல்லை. நினைவகத்தை வாசித்தாலே அது நிரம்பிவிடும். பிள்ளைகள் தடக்குப்படுவதும் அங்கேதான்.

640×480, 16 நிறம் உள்ள 18 ஆம் திரை முறைமையை (mode) எடுங்கோ (எண்கள் எல்லாம் பதின்மத்தில்). புள்ளியின் நிரை (கிடை வரி) எண்ணை 80 ஆல் பெருக்கி, நிரல் (நெடு வரி) எண்ணை 8 ஆல் வகுத்த ஈவைக் கூட்டினால் முகவரி. ஒரு முகவரியில் எட்டுப் புள்ளிகள். ஒவ்வொன்றின் நிறத்தைச் சொல்லும் நான்கு பிற்றும் நான்கு தளங்களில் (நினைவக அடுக்குகளில்) பிரிந்து கிடக்கும். 128 இன் பிற்றுகளை அந்த வகுத்தலின் மீதியளவு வலப்பக்கம் நகர்த்தினால், எந்தப் புள்ளி மாறவேண்டும் என்று காட்டும் பிற் மறைப்பு (mask). 974 ஆம் துறைக்கு (port) பதிவக (register) எண் 8 ஐயும் 975 க்கு மறைப்பையும் அனுப்புங்கோ. அதேபோல் பதிவகம் 0 இல் நிறம், பதிவகம் 1 இல் 15. பிறகு அந்த பைற்றை ஒருமுறை வாசித்துவிட்டு, என்ன பெறுமானமென்றாலும் எழுதலாம்.

வாசிக்கும்போது நான்கு தளங்களிலிருந்தும் 32 பிற் லாட்சில் ஏறும். எழுதும்போது மறைப்பில் 1 உள்ள புள்ளிக்குப் புது நிறம், மற்ற ஏழுக்கும் லாட்சில் நின்றது. வாசிக்க மறந்தால், முன்பு எங்கேயோ வாசித்த ஏழு புள்ளிகள் இங்கே வந்து குந்தும். சி மொழியில் இன்னொரு கரைச்சல்: வாசித்த பெறுமானம் பயன்படவில்லை என்று தொகுப்பி (compiler) அந்த வரியையே வெட்டிவிடக்கூடும். சுட்டியை (pointer) வொலற்றைல் (volatile) என்று அறிவிக்க வேண்டும். அசெம்பிளியில் நினைவகத்தின்மேல் ஒரு ‘ஓர்’ (OR) கட்டளையே வாசித்து எழுதிவிடும். முடிவில் மறைப்பை 255 க்கும் பதிவகம் 1 ஐ 0 க்கும் மீட்காவிட்டால் அடுத்த வரைதல் நடைமுறை குழம்பும்.

இதில் எதுவும் பூட்டுப்படவில்லை. வந்ததை அடுத்த வாசிப்பு வரை ஏந்தி வைத்திருக்கிறது. ‘ஏந்தி’ என்பேன்.

பருத்தித்துறை:
‘தாழ்நிலையில் தாழ் தாழிடும்’ என்று எழுதிப் பாருங்கோ, அந்தச் சொல் தானாகவே விழுந்துவிடும். ‘தாங்கி’ பக்கமும் போக வேண்டாம், எங்கட ஆட்களுக்கு அது தண்ணீர்த் தாங்கி. ஏந்தி சரி. ‘ஏந்திப் பதிவகம்’ என்று மட்டும் நீட்டாதேங்கோ: பதிவகம் என்றால் துறை எண்ணும் சுட்டெண்ணும் கொடுத்து எழுதலாம் என்று பிள்ளைகள் நினைப்பார்கள்.

கொக்குவில்:
கூட்டுச்சொல்லில் நிற்குமா என்று சோதித்தேன். பதிவகம் 5 க்கு 1 கொடுத்தால் எழுதல் முறை 1. அப்போது செயலி எழுதும் பெறுமானம் கணக்கில் வராது. ஏந்தியில் உள்ளதே இறங்கும். ‘ஏந்திநகல்’ என்று பெயரிட்டால் நடப்பது அப்படியே தெரிகிறது. ஒரு பைற் நகர்த்தலில் எட்டுப் புள்ளிகள். 1,53,600 பைற் திரை 38,400 நகர்த்தலில் உருளும். ஆனால் 64 கிலோபைற் தளத்தில் திரைக்கு வெளியே 27,136 முகவரிகளே எஞ்சும், ஆகவே இரண்டாவது முழுத்திரை அடங்காது.

வேகத்துக்காக ஒரு பைற் நகர்த்தும் ‘மூவ்எஸ்பி’ (MOVSB) கட்டளையை இரண்டு பைற் நகர்த்தும் ‘மூவ்எஸ்டபிள்யூ’ (MOVSW) ஆக்குபவர்களுக்கும் இந்தச் சொல் உதவும். இரண்டு பைற்றும் வாசித்த பிறகே எழுதல் நடக்கும். முதலாவதை இரண்டாவது அழித்துவிட, ஒரே எட்டுப் புள்ளிகள் இரண்டு தரம் பதியும். தாழ் என்றால் பூட்டியது எப்படி மாறியது என்று கேட்பார்கள். ஏந்தியில் அந்தக் கேள்வி எழாது.

அண்ணை, 32 பிற்றும் ஒரே ஏந்தியா?

நல்லூர்:
இல்லை. தளத்துக்கு ஒன்று, எட்டெட்டுப் பிற். நான்கு ஏந்திகள் என்று போடுங்கோ. 74373 க்குத் தாழ் வேண்டுமென்றால் அதை மின்னணுப் பட்டியலில் தனியே வைக்கலாம்.