டிவிடி டிரைவ் காட்டவில்லையா? மலையில் பார்த்த கேஸ்களைச் சொல்லுங்கள்

கோத்தகிரியிலிருந்து:

கோத்தகிரியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். இப்போது விற்கும் புது கம்ப்யூட்டர்களில் டிவிடி டிரைவ் வருவது அபூர்வம். ஆனாலும் பழைய டிரைவைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வருகிறவர்கள் குறையவில்லை. வீட்டில் இருக்கும் டிஸ்க்குகள்தான் காரணம். கல்யாண டிவிடி, படுகப் பாட்டு சிடி, தேயிலைத் தொழிற்சாலை ஆபீஸ் கணக்கின் பேக்கப், கோயம்புத்தூர் போய் எடுத்த ஸ்கேன் சிடி என்று எதையும் தூக்கிப் போட முடியாது. வேறு பிரதி கிடையாது.

வருகிறவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "டிரைவ் காட்ட மாட்டேங்குது, போச்சு போல, புதுசு போட்டுடுங்க." நான் உடனே போட மாட்டேன். டிரைவ் எந்த இடத்தில் காணாமல் போகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

முதலில் முன்பக்க பட்டனை அழுத்துங்கள். டிரே வெளியே வந்தால் டிரைவுக்குக் கரண்ட் போகிறது என்று அர்த்தம். டேட்டா கேபிளைக் கழற்றி வைத்திருந்தாலும் டிரே வரும், அதற்குப் பவர் மட்டும் போதும். டிரே அசையவே இல்லை, லைட்டும் எரியவில்லை என்றால் பவர் கேபிளைப் பாருங்கள். அடுத்து கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் டெலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டி, விண்டோஸ் தொடங்கும் முன் வரும் பயாஸ் செட்டிங் திரைக்குள் போங்கள் (சில கம்பெனி மாடல்களில் விசை மாறும்). சாட்டா (மதர்போர்டோடு டிரைவை இணைக்கும் முறை) பட்டியலில் டிரைவின் பெயர் இருக்கிறதா? எப்போதும் இருந்தால் பெரும்பாலும் டிரைவும் கேபிளும் நலம், கோளாறு விண்டோஸில். பெயர் இல்லை என்றால் விண்டோஸில் எதைத் தட்டியும் பயனில்லை, மூடியைக் கழற்ற வேண்டியதுதான். இந்த ஒரு சோதனை செய்யாமல்தான் பலரும் விண்டோஸை அழித்துத் திரும்பப் போடுகிறார்கள், உள்ளே இருந்த ஃபைல்களும் அதோடு போய்விடுகின்றன. அதைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கும்.

ஒரு கேஸ் சொல்கிறேன். பேரகணி பக்கத்து ஹட்டியிலிருந்து (படுகர் ஊர்) ஒரு அண்ணன் சிபியுவை எடுத்து வந்தார். எத்தையம்மன் திருவிழாவில் எடுத்த டிவிடி அவரிடம் இருந்தது. வெள்ளை முண்டு உடுத்தி கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் அவருடைய அம்மாவை அந்த வீடியோவில் மட்டும்தான் பார்க்க முடியும், வேறு வீடியோ எதுவும் இல்லை. பட்டனை அழுத்தினால் டிரே ஜோராக வருகிறது. பயாஸில் பெயர் ஒரு தடவை வருகிறது, ரீஸ்டார்ட் செய்தால் இல்லை. வந்து வந்து போனால் எனக்கு முதல் சந்தேகம் கனெக்டர் மேல்தான். டேட்டா கேபிளை உருவி, டிரைவின் பின்பக்கத்தை டார்ச் அடித்துப் பார்த்தேன். ஏழு சின்னத் தகடுகள் வரிசையாக இருக்கும், பொன் நிறத்தில் பளிச்சென்று இருக்க வேண்டும். நடுவில் இரண்டு மூன்று மட்டும் மங்கி, கருத்துப் போயிருந்தன. கேட்டால், அந்த சிபியு இருந்த சுவரில் மழைக்காலம் முழுக்க ஓதம் ஏறுமாம். இங்கே தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு, நடுவில் பனிமூட்டம். உலோகப் பாகங்களை ஈரம் எளிதில் விட்டுவைப்பதில்லை.

பஞ்சுக் குச்சியில் ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) கொஞ்சம் தொட்டு, தகடுகளை ஒரே திசையில் துடைத்தேன். பஞ்சு பழுப்பாக வந்தது. நன்றாகக் காய விட்டு, கிளிப் வைத்த புது கேபிள் ஒன்றைப் போட்டு, மதர்போர்டில் வேறு போர்ட்டில் செருகினேன். அப்புறம் எத்தனை தடவை ரீஸ்டார்ட் செய்தாலும் பெயர் அப்படியே நின்றது. டிவிடியை முதலில் ஹார்ட் டிஸ்கில் காப்பி செய்துகொடுத்துவிட்டுத்தான் சிபியு மூடியை மாட்டினேன்.

உங்களுடைய கேஸ்களையும் எழுதுங்கள். எந்த ஊர், என்ன அறிகுறி, கடைசியில் எது காரணம் என்று சொன்னால் போதும்.

மசினகுடியிலிருந்து:

அண்ணா, எங்கள் பக்கத்துக் கேஸ் எப்போதும் ஒன்றுதான். ஊட்டியில் சரி செய்து, ஆன் செய்து காட்டி வாங்கி வந்த கம்ப்யூட்டர் இங்கே வந்ததும் டிரைவ் காட்டாது. கல்லட்டி பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு. ஜீப்பின் பின்னால் வைத்துக் கொண்டுவந்தால் உள்ளே என்ன ஆகும்! கிளிப் இல்லாத பழைய சாட்டா கேபிள் பாதி கழன்று தொங்கிக்கொண்டிருக்கும், வெளியே பார்த்தால் மாட்டியிருப்பது போலவே இருக்கும். கழற்றித் திரும்ப அழுத்தி மாட்டினால் சரியாகிவிடும். சிபியுவை மடியில் வைத்தோ சீட்டில் படுக்க வைத்தோதான் கொண்டுவர வேண்டும்.

இன்னொன்று. பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் (சிபியுவுக்குள் கரண்ட் கொடுக்கும் பெட்டி) சாட்டா பவர் வயர் போதாமல் நான்கு பின் வயரிலிருந்து மாற்றும் கன்வர்ட்டர் போட்டிருப்பார்கள். அந்தப் பின்கள் பிளாஸ்டிக்குக்குள் பின்னால் நழுவிவிடும். மாட்டும்போது ஒவ்வொரு பின்னும் நேராக நிற்கிறதா என்று பார்த்துச் செருகுங்கள்.

குன்னூரிலிருந்து:

என்னுடையது சாஃப்ட்வேர் கேஸ். எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் சிடி எழுதும் ஒரு பழைய சாஃப்ட்வேரை நீக்கினார்கள். மறுநாளிலிருந்து டிரைவைக் காணோம். பயாஸில் பெயர் அழகாக இருக்கிறது. விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் டிரைவ் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம், உள்ளே கோட் 39.

இந்த மாதிரி சாஃப்ட்வேர்கள் டிரைவுக்கும் விண்டோஸுக்கும் நடுவில் தங்களுடைய ஃபில்டர் ஒன்றை நுழைத்து வைத்திருக்கும். சாஃப்ட்வேரை நீக்கும்போது ஃபைல் போய்விடும், ஆனால் 'இந்த ஃபில்டரை லோடு செய்' என்ற உத்தரவு ரெஜிஸ்ட்ரியிலேயே (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் இடம்) தங்கிவிடும். விண்டோஸ் அந்த ஃபைலைத் தேடும், கிடைக்காது, டிரைவையே நிறுத்திவிடும். கோட் 19, 31, 32, 39, 41 எது வந்தாலும் இதைச் சந்தேகப்படலாம்.

செய்ய வேண்டியது: முதலில் ரெஜிஸ்ட்ரியை எக்ஸ்போர்ட் செய்து பேக்கப் எடுங்கள், இதைத் தவிர்க்கவே கூடாது. அப்புறம் ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் லோக்கல் மெஷின், சிஸ்டம், கரண்ட் கண்ட்ரோல் செட், கண்ட்ரோல், கிளாஸ் என்று உள்ளே போனால் நீண்ட எண் வைத்த ஃபோல்டர்கள் நிறைய இருக்கும். 4டி36இ965 என்று தொடங்குவதுதான் சிடி டிரைவுக்கானது. பக்கத்தில் இருப்பவையும் ஏறக்குறைய அதே எண்ணில் தொடங்கும், கடைசி இலக்கம் வரை பாருங்கள். வலது பக்கம் 'அப்பர் ஃபில்டர்ஸ்', 'லோயர் ஃபில்டர்ஸ்' என்று இருந்தால் அவற்றை மட்டும் நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். எங்களுக்கு உடனே டிரைவ் வந்துவிட்டது. சிடி எழுதும் வேறு சாஃப்ட்வேர் வைத்திருந்தால் அதைத் திரும்ப இன்ஸ்டால் செய்ய வேண்டி வரலாம்.

தெரிந்தவர் ஒருவருக்கு விண்டோஸ் 10க்கு மாறியதும் டிரைவ் மறைந்தது, ஃபில்டர் எதுவும் இல்லை. அவருக்கு ரெஜிஸ்ட்ரியில் அதே கரண்ட் கண்ட்ரோல் செட்டுக்குள் சர்வீசஸ், ஏடிஏபிஐ என்பதற்குக் கீழே 'கண்ட்ரோலர்0' என்று ஒரு கீ உருவாக்கி, அதில் 'எனம்டிவைஸ்1' என்ற டிவேர்ட் (எண் வகை) மதிப்பை 1 என்று வைத்ததும் சரியானது.

கோத்தகிரியிலிருந்து:

அருமையாகச் சொன்னீர்கள் அக்கா. ரெஜிஸ்ட்ரியைத் தொடப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு வழி: லினக்ஸ் போட்ட பென்டிரைவில் கம்ப்யூட்டரை பூட் செய்து பாருங்கள். அங்கே டிஸ்க் திறந்தால் பழி முழுக்க விண்டோஸ் மேல்தான். அப்படியே டிஸ்க்கில் இருப்பதை வேறு பென்டிரைவில் காப்பி செய்துகொள்ளலாம், விண்டோஸைப் பிறகு பொறுமையாகப் பார்க்கலாம்.

கூடலூரிலிருந்து:

எங்கள் ஊரில் ஜூன், ஜூலை வந்தால் மரம் விழுந்து லைன் போவது சகஜம். கரண்ட் போவதைவிட அது திரும்ப வரும் நேரம்தான் ஆபத்து, வோல்டேஜ் எகிறிக்கொண்டு வரும். அப்படி ஒரு நாளுக்குப் பிறகு எங்கள் வீட்டு கம்ப்யூட்டர் ஓடியது, டிவிடி ரைட்டர் மட்டும் செத்தது போல இருந்தது. கடையில் டிரைவை மாற்றச் சொன்னார்கள். மாற்றிய டிரைவும் ஓடவில்லை.

தம்பி ஒருவன் மல்ட்டிமீட்டர் எடுத்து வந்து பவர் வயரை அளந்தான். சிவப்பு வயரில் 5 வோல்ட் சரியாக இருந்தது. மஞ்சள் வயரில் 12 வோல்ட் வர வேண்டும், 11.4க்குக் கீழே இறங்கக் கூடாது. அங்கே 10க்குப் பக்கத்தில் தடுமாறிக்கொண்டிருந்தது. மேஜை கம்ப்யூட்டரின் டிரைவுக்கு மோட்டார் ஓட அந்த 12 வோல்ட் வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றினோம், பழைய டிரைவே ஓடியது. இப்போது மழைக்காலத்தில் கரண்ட் போனால் பிளக்கைப் பிடுங்கிவிடுகிறோம், வந்து கொஞ்ச நேரம் நிதானமானதும்தான் மாட்டுகிறோம்.

யூஎஸ்பியில் மாட்டும் வெளி டிரைவ் வாங்கியவர்களுக்கும் ஒரு வார்த்தை. மாட்டியதும் லைட் எரியும், டிஸ்க் சுற்றத் தொடங்கும், உடனே டிரைவ் மறைந்துபோகும். திரும்ப வரும், திரும்ப மறையும். கரண்ட் போதவில்லை, அவ்வளவுதான். பழைய யூஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர் கொடுக்கத்தான் அமைக்கப்பட்டது, 3.0 போர்ட் 900. டிஸ்க் சுற்றத் தொடங்கும் அந்த நொடியில் டிரைவ் நிறைய இழுக்கும். ஹப்பிலும் சிபியுவின் முன்பக்கத்திலும் மாட்டாமல் பின்பக்கம் நேராக மாட்டுங்கள், நீல நிற போர்ட் இருந்தால் அதில். இரண்டு தலை வைத்த கேபிள் கிடைத்தால் இரண்டையும் செருகிவிடுங்கள்.

கொடைக்கானலிலிருந்து:

நீலகிரிக்காரர்கள் பேசுகிற இடத்தில் பழனி மலைக்காரன் நானும் ஒன்று சொல்கிறேன். எங்கள் மாமாவுக்கு மதுரையில் ஸ்கேன் எடுத்து சிடி கொடுத்தார்கள். வேறு ஒரு டாக்டருக்கு உடனே அனுப்ப வேண்டும். ராத்திரி வீட்டுக்கு வந்து, லேப்டாப்பை வண்டியிலிருந்து எடுத்த கையோடு டிஸ்க்கைப் போட்டோம். டிரைவ் தெரிகிறது, டிஸ்க் போடச் சொல்கிறது. எந்த சிடியைப் போட்டாலும் அதே கதைதான். வீட்டில் எல்லாருக்கும் பதற்றம்.

வெளியே நல்ல குளிர், வீட்டுக்குள் அடுப்பும் ஆட்களும். குளிர்ந்த பொருளை வெதுவெதுப்பான அறைக்குள் கொண்டுவந்தால் கண்ணாடி போல லென்ஸும் வேர்க்கும். அந்தப் பொட்டு லென்ஸில் ஆவி படிந்தால் லேசர் சிதறிவிடும், டிரைவுக்கு டிஸ்க் இருப்பதே தெரியாது. டிரேயைத் திறந்து வைத்து, லேப்டாப்பை ஆஃப் செய்து அப்படியே விட்டோம். சாப்பிட்டு முடித்து வந்து போட்டதும் திறந்தது. அடுப்புக்கு மேலே காட்டுவது, ஹேர் டிரையர் அடிப்பது எல்லாம் வேண்டாம், தானாகக் காய விடுங்கள்.

இதோடு சம்பந்தப்பட்ட இன்னொன்று: சிடி ஓடும், டிவிடி மட்டும் ஓடாது என்று பலர் குழம்புவார்கள். சிடிக்கு 780 நானோமீட்டர் லேசர், டிவிடிக்கு 650, டிரைவுக்குள் இரண்டும் தனித்தனி. ஒன்று தேய்ந்துபோனாலும் மற்றது வேலை செய்யும். அப்படியானால் கேபிளையும் ரெஜிஸ்ட்ரியையும் நோண்டிப் பயனில்லை, டிரைவை மாற்றத்தான் வேண்டும்.

சிடியின் எழுத்துப் பக்கத்தைத்தான் அதிகம் காப்பாற்ற வேண்டும் என்பதையும் எல்லாரும் தெரிந்துகொள்ளுங்கள். டேட்டா படலம் லேபிளுக்கு அடியிலேயே இருக்கிறது. அங்கே பேனாவால் கீறினாலோ ஸ்டிக்கரைப் பிய்த்தாலோ அதோடு போச்சு, எந்த டிரைவும் படிக்காது.

ஊட்டியிலிருந்து:

எல்லாம் பார்த்தாகிவிட்டது சார். பயாஸில் இல்லை, கனெக்டரைத் துடைத்தாகிவிட்டது, என் தங்கை லேப்டாப்பில் மாட்டியும் காட்டவில்லை. டிரைவ் போனது உறுதி. உள்ளே அப்பாவின் சிடி ஒன்று சிக்கியிருக்கிறது. அதை எப்படி எடுப்பது? வேறு டிரைவ் வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

கோத்தகிரியிலிருந்து:

வேறு லேப்டாப்பிலும் பார்த்துவிட்டீர்கள் என்றால் சந்தேகமே வேண்டாம், டிரைவ்தான். சிடிக்கு ஒன்றும் ஆகியிருக்காது, பயப்படாதீர்கள். முன்பக்கம் பட்டனுக்குப் பக்கத்தில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும். லேப்டாப்பை ஆஃப் செய்துவிட்டு, பேப்பர் கிளிப்பை நேராக்கி அதில் மெதுவாக நேராக உள்ளே தள்ளுங்கள். ஒரு எதிர்ப்பு தெரியும், இன்னும் கொஞ்சம் அழுத்தினால் டிரே கொஞ்சம் முன்னே வரும். மீதியைக் கையால் இழுங்கள். லேப்டாப் டிரேயில் டிஸ்க் நடுக்கட்டையில் கவ்வி இருக்கும். நடுக்கட்டையை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு டிஸ்க்கின் ஓரத்தைத் தூக்குங்கள், லென்ஸ் மேல் கை படாமல்.

வாங்கும்போது தடிமனைப் பாருங்கள். லேப்டாப் டிரைவில் 12.7 மில்லிமீட்டர், 9.5 மில்லிமீட்டர் என்று இரண்டு பரவலாக உண்டு. தடியானது மெல்லிய இடத்தில் நுழையாது. பழையதைக் கையில் எடுத்துப்போய் ஸ்கேல் வைத்து அளந்து வாங்குங்கள். முன்பக்க பிளாஸ்டிக் மூடியையும் பக்கத்து இரும்புப் பட்டையையும் பழையதிலிருந்து கழற்றிப் புதியதில் மாட்ட வேண்டியிருக்கும், அதனால் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மிகப் பழைய லேப்டாப் என்றால் சாட்டா இல்லாமல் அதற்கு முந்தைய ஐடிஇ கனெக்டராகவும் இருக்கலாம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு சிடியைப் பார்க்க மட்டும்தான் என்றால் லேப்டாப்பைப் பிரிக்கவே வேண்டாம். யூஎஸ்பி டிரைவ் ஒன்று இரவல் வாங்கினால் போதும். இந்தப் பக்கம் வந்தால் கடைக்கு எடுத்து வாருங்கள், அப்பாவின் சிடியை நானே காப்பி செய்து தருகிறேன்.