கலியாணமாகி எட்டு மாதம். விறைப்பு நிற்பதில்லை, ஆசையும் குறைந்துவிட்டது. யாரிடம் காட்டுவது?

இராவிழிப்பு:

வயது 29, யாழ்ப்பாணத்தில் கொக்குவில் பக்கம். கனடாக் கம்பனி ஒன்றுக்கு வீட்டில் இருந்தே வேலை. அவர்களுடைய பகல் எங்களுடைய இரவு என்பதால் விடிய நாலரைக்குத்தான் படுப்பேன், ஒன்பது மணிக்கு அப்பா தண்ணீர் மோட்டரைப் போட்டதும் நித்திரை கலைந்துவிடும்.

கலியாணத்தன்று இரவு ஒன்றும் சரிவரவில்லை. களைப்பு என்று விட்டுவிட்டோம். அடுத்த நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் அறைக்குள் போகும்போதே இன்றைக்கும் இப்படி ஆகிவிட்டால் என்ற யோசனை வந்தது, அன்று பிடித்த சனி இன்னும் விடவில்லை. தொடங்கும்போது விறைப்பு வருகிறது, பாதியில் போய்விடுகிறது. இப்போது இரண்டு மூன்று மாதமாக ஆசை வருவதே குறைவு. லீவு நாட்களில்கூட மனிசி நித்திரையாகும் வரைக்கும் ஹோலில் போனைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டுத்தான் அறைக்குப் போகிறேன். மாமி வரும்போதெல்லாம் "விசேஷம் ஒன்றும் இல்லையா" என்று கேட்கிறா, மனிசி சிரித்துச் சமாளிக்கிறா. அதைப் பார்க்க முடியவில்லை.

பேஸ்புக் விளம்பரம் ஒன்றைப் பார்த்து 9,500 ரூபாய்க்கு லேகியம் எடுத்தேன். போனில் அவர்கள் கேட்ட முதல் கேள்வியே சின்ன வயதில் கைப்பழக்கம் இருந்ததா என்பதுதான். ஓம் என்றதும் நரம்பு தளர்ந்துவிட்டது, ஆறு மாதம் சாப்பிட வேண்டும் என்றார்கள். உண்மையா இது? பெரியாஸ்பத்திரிக்குப் போகலாம்தான், அங்கே வரிசையில் தெரிந்த முகம் ஒன்றாவது இருக்கும் என்று நினைக்கவே கால் கூசுகிறது.

பனங்கூடல்:

தம்பி, உங்களைப் போலவே வெட்கப்பட்டு ஒன்றரை வருஷத்தை வீணாக்கியவன் நான், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். எனக்கு 34 வயதில் தொடங்கியது. திடீரென்று இல்லை, மெல்ல மெல்ல. வயது போகிறது, வேலைக் களைப்பு என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். கடைசியில் கிளினிக் போனது இதற்காக இல்லை, காலில் ஒரு புண் ஆறாமல் கிடந்ததற்காக. வெறும் வயிற்றில் சீனி 212. 126 என்றாலே சீனி வருத்தம் என்ற கணக்கு. அதன் பிறகுதான் டொக்டரிடம் வாயைத் திறந்து மற்றதையும் சொன்னேன்.

அவர் ஆச்சரியப்படவே இல்லை. என்னுடைய கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் பேனையால் இரண்டு வட்டம் கீறினார். பெரியது இதயத்துக்குப் போகும் இரத்தக்குழாய், 3 அல்லது 4 மில்லிமீற்றர். சின்னது ஆணுறுப்புக்குப் போவது, 1 அல்லது 2 மில்லிமீற்றர். ஒரே கொழுப்பு இரண்டிலும் படிந்தால் முதலில் எது அடைபடும் என்று என்னைக் கேட்டார். நான் சின்ன வட்டத்தில் விரலை வைத்தேன். "நல்ல காலம், இதயம் சொல்லமுதல் இது சொல்லிப்போட்டுது" என்றார். அந்தக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது.

சிகரெட்டை விட்டேன், சோற்றைக் குறைத்தேன், பின்னேரங்களில் திருநெல்வேலியில் இருந்து கோண்டாவில் வரை நடந்தேன். எட்டு ஒன்பது மாதத்தில் பெரும்பங்கு திரும்பி வந்தது. முழுக்க இல்லை, மிச்சத்துக்கு டொக்டர் எழுதித் தரும் குளிசை இருக்கிறது. உங்களுக்கு 29தான், சீனியாக இல்லாமலும் இருக்கலாம். ஆனாலும் சீனி, கொலஸ்திரோல், பிரஷர் மூன்றையும் பார்க்காமல் லேகியத்துக்கு இன்னொரு ரூபாய் குடுக்காதேங்கோ.

வடமராட்சி வைத்தியன்:

அரச வைத்தியசாலையில் வேலை செய்கிறேன், வாரத்தில் ஒருவராவது இந்தப் பிரச்சினையோடு வருவார். அநேகமாக எல்லோரும் முதலில் முதுகுநோ என்றுதான் தொடங்குவார்கள்.

இரண்டு கேள்வி. நித்திரையால் எழும்பும்போது விறைப்பு இருக்கிறதா? ஏதாவது குளிசை தொடர்ந்து எடுக்கிறீர்களா, மனப்பதற்றத்துக்கு, முடி கொட்டுவதற்கு, பிரஷருக்கு, எதற்காகவாவது? ஜிம்முக்குப் போய் ஊசி ஏதும் போட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கைப்பழக்கக் கதைக்கு இப்போதே பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதுதான் எங்கள் பெடியன்களை அதிகம் அரிக்கிறது. "விந்து விட்டான் நொந்து கெட்டான்" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள், ஒரு துளி விந்துக்கு நாற்பது துளி இரத்தம் என்பதும் அதே வழி வந்த நம்பிக்கைதான். உடம்பில் அப்படி ஒரு கணக்குக் கிடையாது. சுயஇன்பத்தால் நரம்பு தளராது. விந்து போகிறதே, சக்தி போகிறதே என்ற பயம் ஆளைப் படுத்தும் பாட்டுக்கு 1960இல் விக் என்ற இந்திய மனநல மருத்துவர் தாது நோய்க்குறி என்று பெயரே வைத்தார். நோய் அந்தப் பயத்தில் இருக்கிறது. அந்த லேகியக்காரர் உங்களுக்கு விற்றதும் அதைத்தான். இன்னொன்று, மூலிகை என்று விற்கும் இப்படியான மருந்துகளில் சில்டெனாபில், அதாவது வயாகராவில் இருக்கும் மருந்து, கலந்திருப்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பப் பிடிபட்டிருக்கிறது. நெஞ்சுநோவுக்கு நாக்குக்குக் கீழே குளிசை வைக்கும் ஒருவர் அதைத் தெரியாமல் எடுத்தால் பிரஷர் விழுந்து உயிருக்கே ஆபத்து.

இராவிழிப்பு:

நன்றி டொக்டர், அண்ணைக்கும் நன்றி. எழும்பும்போது இருக்கிறது, ஒவ்வொரு நாளும் இல்லை, நன்றாக நித்திரை கொண்ட நாட்களில் இருக்கிறது. ஜிம் இல்லை. குளிசை என்றால், போன வருஷம் தொழிலில் ஒரு பிரச்சினை வந்து நெஞ்சு படபடவென்று இருந்ததற்கு செர்ட்ராலின் தந்தார்கள், இன்னும் எடுக்கிறேன். இதற்கும் அதற்கும் தொடர்பு இருக்குமென்று யோசிக்கவே இல்லை. நாளைக்கே நிறுத்திவிடலாமா?

வடமராட்சி வைத்தியன்:

நிறுத்த வேண்டாம். திடீரென்று விட்டால் தலைசுற்றும், பழைய பதற்றமும் திரும்பும். எழுதித் தந்த டொக்டரிடமே போய் இதைச் சொல்லுங்கள். இந்த வகைக் குளிசைகள் ஆசையைக் குறைப்பதும் விந்து வெளிவருவதைப் பிந்தவைப்பதும் நன்றாகத் தெரிந்த விஷயம், அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம், அவருக்கு வழி இருக்கிறது.

ஆசையும் விறைப்பும் ஒன்றல்ல, இரண்டு தனித்தனிப் பாதை. உங்களுக்கு முதலில் தடுமாறியது விறைப்பு, ஆசை பிறகுதான் குறைந்தது. ஒவ்வொரு முறையும் தோல்வி என்று எழுதிவைத்த இடத்துக்குப் போக மனம் பின்வாங்காமல் என்ன செய்யும்? மேலே குளிசை, அதற்கும் மேலே நித்திரை. 2011இல் வெளியான ஓர் ஆய்வில் இளம் ஆண்களை ஒரு வாரம் இரவுக்கு ஐந்து மணித்தியாலம் மட்டும் தூங்கவைத்தபோது ஆண் ஹோர்மோனான டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 வீதம் இறங்கியது. நீங்கள் மாதக்கணக்காக நாலரை மணித்தியாலம் தூங்குகிறீர்கள்.

காலை விறைப்பு இருப்பது நல்ல செய்தி. கனவு வரும் நித்திரைக் கட்டத்தில் இரவுக்கு மூன்று முதல் ஐந்து தடவை அது தானாக வந்துபோகும், அப்போது யாரும் உங்களைப் பரீட்சிப்பதில்லை. அதாவது நரம்பும் குழாயும் பெரும்பாலும் வேலை செய்கின்றன. விறைப்பு வர அங்குள்ள தசை தளர வேண்டும், பயந்தால் ஊறும் அட்ரினலின் அதே தசையை இறுக்கிவிடும். "இன்றைக்கும் ஆகிவிடுமோ" என்று யோசித்த அந்த நொடியில் உடம்பு சண்டைக்கு ஆயத்தமாகிவிட்டது, அவ்வளவுதான் நடந்தது.

இருந்தாலும் இரத்தம் பார்க்க வேண்டும். சீனி, கொழுப்பு, தைரொயிட், புரோலக்டின், டெஸ்டோஸ்டிரோன். கடைசியானதை இரண்டு மூன்று இரவு ஒழுங்காகப் படுத்த பிறகு காலையில் வெறும் வயிற்றில் கொடுங்கள், குறைவாக வந்தால் இன்னொரு நாள் திரும்பப் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது. யாராவது நேரே டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுவோம் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள், வெளியில் இருந்து அது போனால் விந்தணு உற்பத்தி படுத்துவிடும், பிள்ளை வேண்டும் என்ற ஆளுக்கு அது ஆகாது.

மல்லிகைப்பந்தல்:

ஆண்கள் மட்டும் கதைத்துக்கொண்டிருக்கிறீர்கள், நான் மற்றப் பக்கத்தில் இருந்தவள். எங்களுக்கும் முதல் வருஷம் இதே கதைதான். அவர் ஹோலில் இருந்தார், நான் அறைக்குள் விழித்துக்கொண்டு கிடந்தேன். அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை, சீதனத்துக்காகக் கட்டினார், வேறு யாரோ இருக்கிறார்கள், இப்படி ஒவ்வொரு இரவும் ஒவ்வொன்றாக யோசித்து அழுதிருக்கிறேன். அவருக்குப் பயம் என்பது மட்டும் என் மண்டையில் ஏறவே இல்லை, ஏனென்றால் அவர் சொல்லவில்லை. தம்பி, உங்கள் மனிசி நித்திரையாகிவிட்டா என்று நினைக்கிறீர்களா?

நாங்கள் போய்க் கண்ட ஆலோசகர் மூன்று கிழமைக்கு உடலுறவே வேண்டாம் என்றார். தடவுவது, கட்டிப்பிடிப்பது, கதைப்பது மட்டும், முதல் இரண்டு கிழமை மறைவிடத்தில் கைகூட வைக்கக் கூடாது. கேட்க விசர்க்கதையாக இருந்தது. ஆனால் பரீட்சை இல்லை என்றதும் அவருடைய தோள் இறங்கியதை நான் கையால் உணர்ந்தேன். மூன்றாம் கிழமை முடியமுதலே விதியை மீறிவிட்டோம்.

வீட்டில் எத்தனை பேர் இருக்கிறீர்கள்? அறைக் கதவுக்குக் கொண்டி இருக்கிறதா? இதையும் யாரும் கேட்பதில்லை.

பனங்கூடல்:

தங்கச்சி சொன்னது நூற்றுக்கு நூறு. வரிசைக்குப் பயம் என்றால் தனியார் கிளினிக்கில் பொது வைத்தியர் ஒருவரிடம் தொடங்குங்கோ, சிறப்பு வைத்தியர் தேவையா என்று அவர் சொல்லட்டும். உள்ளே போய் முதுகுநோ என்று சொல்லாமல் முதல் வசனத்திலேயே "விறைப்பு நிற்குதில்லை" என்று சொல்லிவிடுங்கோ, அதன் பிறகு மிச்சம் தானாக வரும். இரவில் மனம் மிகவும் நொந்தால் 1926 இருக்கிறது, இலங்கைத் தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி இலக்கம், தமிழிலும் கதைக்கலாம்.

இராவிழிப்பு:

கொண்டி இல்லை அக்கா. அப்பம்மா அடுத்த அறை, நடுவில் பலகைத் தட்டிதான்.

நேற்று இரவு வேலைக்கு லீவு போட்டுவிட்டு எல்லாவற்றையும் அவவிடம் சொன்னேன், குளிசை, லேகியம் எல்லாம். அவவும் நீங்கள் எழுதியதைத்தான் நினைத்திருந்திருக்கிறா, கறுப்பு என்பதால் பிடிக்கவில்லையாக்கும் என்று. இரண்டு பேரும் அழுதோம். செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு இரத்தம் கொடுக்கப் போகிறேன், அவவும் கூட வருகிறா. ரிப்போர்ட் வந்ததும் எழுதுகிறேன்.