அலைபேசி எச்சரிக்கையில் தமிழ் எழுத்து உடைகிறது, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. செல் பிராட்காஸ்ட்டில் (கோபுரத்திலிருந்து எல்லாப் போனுக்கும் ஒரே நேரத்தில் செய்தி அனுப்பும் முறை) கைவைத்தவர்கள் யாராவது இருந்தால் வழி சொல்லுங்கள்.

கல்லூரி ஆய்வகத்தில், அலை வெளியே கசியாத பெட்டிக்குள் ஒரு சின்ன 2ஜி நிலையம் வைத்து, புயல் எச்சரிக்கையைத் தமிழில் அனுப்பிப் பார்க்கிறேன். எஸ்எம்எஸ் என்றால் ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனியாகப் போக வேண்டும், நெரிசலில் மாட்டிக்கொள்ளும். செல் பிராட்காஸ்ட்டில் கோபுரம் ஒருமுறை ஒலிபரப்பினால் போதும், அந்த எல்லைக்குள் இருக்கும் எல்லாப் போனுக்கும் கிடைத்துவிடும்.

சிக்கல் இதுதான். செய்தி பக்கம் பக்கமாகப் பிரிந்து போகும், ஒரு பக்கத்துக்கு 82 பைட். ஆங்கிலத்தில் எழுத்துக்கு 7 பிட் என்பதால் 93 எழுத்து பிடிக்கும், தமிழுக்கு யூசிஎஸ்2 (குறியீட்டுக்கு 2 பைட் எடுக்கும் முறை) என்பதால் 41 குறியீடுதான். 'வேண்டாம்' என்பது நம் கண்ணுக்கு 4 எழுத்து, கணக்கில் 8. நேற்று 'கடலுக்குச் செல்ல வேண்டாம்' என்ற வரியில் கடைசி 'ம' முதல் பக்கத்தில் நின்றது, புள்ளி மட்டும் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. பக்கம் பக்கமாகக் காட்டும் பழைய பட்டன் போனில் அந்தப் புள்ளி ஒரு புள்ளிவட்டத்தின் தலையில் தனியாக உட்கார்ந்திருந்தது. கடலோரத்தில் இன்னும் பலர் கையில் இந்த மாதிரி போன்தான், அதனால் இதை விட மனசில்லை.

சொல் முடியும் இடத்தில் பக்கத்தை வெட்டி, மிச்ச இடத்தை சிஆர் (கேரேஜ் ரிட்டர்ன்) குறியீட்டால் நிரப்பலாமா? எல்லாப் போனும் அதைச் சரியாக எடுத்துக்கொள்ளுமா? அப்புறம், முன்னால் தமிழைக் குறிக்கும் 'டிஏ' (ta) மொழிக்குறி சேர்த்தால் 40 குறியீடுதான் மிஞ்சும். அதைச் சேர்த்து அனுப்பியவர்கள் இருந்தால், போன் எப்படி நடந்துகொண்டது என்று எழுதுங்கள்.