ஊசி போட்ட காய்ச்சல் இறங்கவே மாட்டேன் என்கிறது, அவசரம்

குட்டிப்பூனை, இரவு 11:12
காலையில் குழந்தைக்குத் தடுப்பூசி போட்டோம். சாயங்காலத்திலிருந்து உடம்பு கொதிக்கிறது. மருந்து இரண்டு தடவை சொன்ன அளவே கொடுத்தேன், துளிகூட இறங்கவில்லை. தொடையில் கை பட்டாலே வீல் என்று கத்துகிறான். படுக்கவைக்கவே முடியவில்லை. யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

ஒற்றைக்கொம்பு, 11:15
என்ன வயது? எடை எவ்வளவு? எந்த ஊசி? தெர்மாமீட்டரில் பார்த்தீர்களா, தொட்டுப் பார்த்ததா?

இரட்டையர் அப்பா, 11:17
பயப்படாதீங்க சகோ. வலி ஊசியாக இருக்கும். அதில் கக்குவான் கிருமியைக் கொன்று முழுசாகச் சேர்த்திருப்பார்கள், காய்ச்சல் வரத்தான் செய்யும். வலியில்லா ஊசி என்கிறார்களே, அதில் அந்தக் கிருமியின் சில புரதங்கள் மட்டும்தான், காய்ச்சலும் குறைவு. என் இரண்டு பேருக்கும் ஐஸ் தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்தேன், சட்டென்று இறங்கியது.

மழைக்குருவி, 11:21
ஐஸ் தண்ணீர் வேண்டவே வேண்டாம். குழந்தைக்கு நடுக்கம் எடுக்கும், நடுங்கினால் சூடு இன்னும் ஏறும். மெல்லிய சட்டை போதும். போர்வையை எடுத்துவிடுங்கள், அடிக்கடி பால் கொடுங்கள். தொடை வலிக்கு ஈரத்துணியை லேசாக வைக்கலாம், தேய்க்கக் கூடாது. அப்புறம், வயதைச் சொல்லுங்கள். மூன்று மாதம் ஆகாத குழந்தைக்கு 100.4 தாண்டினால் ஊசிக் காய்ச்சல் என்று நாமே முடிவு கட்டக் கூடாது, டாக்டரைக் கேட்டே ஆக வேண்டும்.

அனுபவசாலி, 11:26
வயது, எடை, டிகிரி, மருந்தின் பெயர். இந்த நான்கையும் எழுதாமல் கேள்வி போடாதீர்கள் என்று நூறு தடவை சொல்லியாகிவிட்டது. யார் படிக்கிறார்கள்? காய்ச்சல் வருவது நல்லதுதான். வந்தால்தான் ஊசி பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

ஒற்றைக்கொம்பு, 11:29
காய்ச்சலே வராத குழந்தைக்கும் எதிர்ப்புச் சக்தி வரும் ஐயா. அந்தக் கணக்கு சரியில்லை.

குட்டிப்பூனை, 11:33
மன்னிக்கவும், பையன் தோளில் இருக்கிறான், ஒரு கையால் அடிக்கிறேன். 14 வாரம். 5.4 கிலோ. அக்குளில் 101.2. பாராசிட்டமால்தான். 0.6 மில்லி.

இரட்டையர் அப்பா, 11:36
அளவு சரியாகத்தானே இருக்கிறது. ஊசிக்கு முன்னாலேயே ஒரு டோஸ் கொடுத்திருந்தால் இவ்வளவு ஏறியிருக்காது.

அனுபவசாலி, 11:41
முன்கூட்டியே கொடுக்கக் கூடாது. 2009இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வைப் படியுங்கள். செக் குடியரசில் 459 குழந்தைகள். காய்ச்சல் வருவதற்கு முன்பே பாராசிட்டமால் கொடுக்கப்பட்டவர்களுக்குக் காய்ச்சல் குறைந்தது, ஆனால் சில நோய்களுக்கான எதிர்ப்பொருளும் குறைவாக உருவானது. வந்த பிறகு கொடுப்பது வேறு, முன்னால் கொடுப்பது வேறு.

இரட்டையர் அப்பா, 11:44
அப்படியானால் பிரிட்டனில் மூளைக்காய்ச்சலைத் தடுக்கும் மெனின்ஜோகாக்கல் பி ஊசி போடும்போது காய்ச்சலுக்குக் காத்திருக்காமல் கொடுக்கச் சொல்கிறார்களே, அவர்கள் என்ன முட்டாள்களா?

அனுபவசாலி, 11:46
அந்த ஊசிக்குக் காய்ச்சல் அதிகம், அதனால் அதற்கு மட்டும் தனி விதி. ஒன்றுக்குச் சொன்னதை எல்லாவற்றுக்கும் ஒட்டுவது உங்கள் பழக்கம்.

இரட்டையர் அப்பா, 11:47
காய்ச்சல் வந்தால்தான் ஊசி பிடிக்கும் என்றவர் பேசுகிறார்.

மழைக்குருவி, 11:49
இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். குட்டிப்பூனை, 0.6 மில்லி என்றீர்களே, எந்தப் பாட்டிலிலிருந்து? சொட்டு மருந்தா, சிரப்பா? லேபிளில் எத்தனை மில்லிகிராம் என்று பார்த்து அப்படியே எழுதுங்கள்.

குட்டிப்பூனை, 11:55
5 மில்லியில் 120 மி.கி. என்று இருக்கிறது. மூத்தவளுக்கு வாங்கிய சிரப், போன வாரம்தான் திறந்தோம். டாக்டர் எழுதிக் கொடுத்தது வாங்கவில்லை, இதுவும் பாராசிட்டமால்தானே என்று சொட்டு மருந்துக் குழாயால் எடுத்துக் கொடுத்தேன்.

மழைக்குருவி, 11:58
அங்கேதான் சிக்கல் தோழி. டாக்டர் எழுதியது அநேகமாக ஒரு மில்லியில் 100 மி.கி. உள்ள சொட்டு மருந்தாக இருக்கும். அதில் 0.6 என்றால் 60 மி.கி. உங்கள் சிரப்பில் 0.6 என்றால் 14 சொச்சம்தான். கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. வேண்டும், உங்கள் பையனுக்கு 54க்குக் குறையாமல். பிறகு எப்படி இறங்கும்? அந்த 60 வர இந்தச் சிரப்பில் 2.5 மில்லி ஆகும். ஆனால் ஏற்கெனவே இரண்டு தடவை போயிருப்பதால், இப்போது எவ்வளவு, எப்போது என்பதை டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். வழக்கமாக இரண்டு வேளைக்கு நடுவே நான்கு மணி நேரமாவது விடுவார்கள்.

இதுவே தலைகீழாக நடந்திருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சிரப் அளவு 2.5 மில்லியைச் சொட்டு மருந்தில் எடுத்தால் 250 மி.கி. உள்ளே போய்விடும்.

ஒற்றைக்கொம்பு, 11:59
வீட்டில் பெரியவர்கள் ஆஸ்பிரினைப் பொடித்துக் கொடுக்கச் சொன்னால் கேட்காதீர்கள். மூன்று மணி நேரம் விடாமல் அழுதாலோ, துவண்டுபோனாலோ, வலிப்பு, மூச்சுத்திணறல் வந்தாலோ, பால் வேண்டாம் என்றாலோ விடியும் வரை காத்திருக்காமல் கூட்டிக்கொண்டு போங்கள்.

அனுபவசாலி, நள்ளிரவு 12:04
மருந்தின் பெயரை முதலிலேயே கேட்டது நான்தான்.

இரட்டையர் அப்பா, 12:05
பெயர் பாராசிட்டமால் என்று அவங்க சொன்ன பிறகு நீங்க போனது செக் குடியரசுக்கு.

குட்டிப்பூனை, காலை 6:50
டாக்டரிடம் போனில் பேசினேன். நல்ல திட்டு. அவர் சொன்ன நேரத்தில் 2.5 மில்லி கொடுத்தேன், மூன்று மணிக்கு மேல் வியர்த்துத் தூங்கினான். இப்போது 99.1. பால் குடித்தான். தொடையில் பட்டாணி அளவுக்குக் கட்டி இருக்கிறது, அது சரியாகிவிடுமா?

மழைக்குருவி, 7:20
கரையும். சில வாரம்கூட ஆகலாம், அழுத்திப் பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள். சிவப்பு பரவினாலோ நாளை மறுநாளும் காய்ச்சல் இருந்தாலோ காட்டுங்கள். அந்தக் குழாயை அதன் பாட்டிலோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள்.