‘வன்மையாகக் கண்டிக்கிறோம்’: இந்தத் தொடரில் இன்னும் சூடு இருக்கிறதா?

கூர்முனை:
எந்த அறிக்கையை எடுத்தாலும் ‘வன்மையாகக் கண்டிக்கிறோம்’. ஒருவர் ‘மிக வன்மையாக’ என்றால் அடுத்தவர் ‘கடும் கண்டனத்தைப் பதிவு செய்கிறோம்’ என்று ஒரு படி ஏறுகிறார். படித்து முடித்தால் யார் என்ன செய்தார் என்பதே தெரிவதில்லை. கண்டனம் என்ற வடசொல்லுக்கு உடைத்தல், துண்டாக்குதல் என்று பொருள். 19ஆம் நூற்றாண்டுச் சமய வாதங்களில் பிறந்த கண்டன நூல்கள் அதைத்தான் செய்தன: எதிராளியின் கூற்றை எடுத்து வைத்து மறுத்தன. இன்றைய கண்டனம் எதையும் உடைப்பதில்லை. இந்தத் தொடரைக் கைவிட வேண்டும் என்பது என் கட்சி.

நடுப்பகல்:
கைவிட்டுவிட்டு? சடங்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள், சடங்குக்கும் வேலை உண்டு. யார் கண்டித்தார் என்பதை மறந்துவிடுவார்கள். யார் வாய் திறக்கவில்லை என்பதை மறக்கவே மாட்டார்கள். ஐ.நா. பாதுகாப்பு அவையில் ‘கவலை தெரிவிக்கிறது’ என்று எழுதுவதா, ‘கண்டிக்கிறது’ என்று எழுதுவதா என்று நாடுகள் மல்லுக்கட்டுகின்றன. வெற்றுச் சொல்லுக்காகவா?

இன்னொன்று. வீட்டில் கண்டிப்பது மேலிருந்து கீழே வரும். அப்பா மகனைக் கண்டிப்பார், ஆசிரியர் மாணவனைக் கண்டிப்பார். மகன் அப்பாவைக் கண்டித்தான் என்று யாரும் சொல்வதில்லை. பத்துப் பேர் கொண்ட ஒரு தொழிலாளர் சங்கம் அரசைப் பார்த்து ‘கண்டிக்கிறோம்’ என்னும்போது அந்தத் திசை தலைகீழாகிறது. இதைச் சிறிய விஷயமாக நான் நினைக்கவில்லை.

மெய்ப்புப்பணி:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். அறிக்கைகளைத் திருத்துவதே என் பிழைப்பு. என்னைக் கேட்டால் ‘கண்டிக்கிறோம்’ பரவாயில்லை. சொல்பவர் யார் என்று வினைமுற்றிலேயே தெரிந்துவிடுகிறது. ‘கண்டிக்கத்தக்கது’தான் தப்பித்துக்கொள்ளும் சொல். தக்கது சரி, கண்டிப்பது யார்? ‘வருந்தத்தக்கது’, ‘ஏற்கத்தக்கதல்ல’ எல்லாம் இந்தக் குடும்பம். ஆளில்லாத கோபம்.

தீக்கொழுந்து:
இத்தனை சுற்றி வளைப்பதேன் ஐயா? அயோக்கியத்தனத்தை அயோக்கியத்தனம் என்று சொல்லுங்கள். அநியாயம், அக்கிரமம், கேவலம், வெட்கக்கேடு என்று கைவசம் எத்தனை சொற்கள்! நாசூக்குப் பார்ப்பவர்களால்தான் தமிழில் கோபம் செத்துவிட்டது.

கூர்முனை:
தம்பி, அந்தச் சொற்களும் தேய்ந்தவைதான். ‘அநியாயத்துக்கு நல்லவர்’ என்று பாராட்டுகிறோம், அதில் நியாயமும் இல்லை, அநியாயமும் இல்லை. கேவலம் என்றால் ‘தனித்த’, ‘வெறும்’ என்றுதான் பொருள். ‘கேவலம் ஒரு நாற்காலிக்காகவா’ என்னும்போது அந்தப் பழைய பொருள் இன்னும் எட்டிப் பார்க்கிறது. சமணத்தில் கேவல ஞானம் என்பது முற்றறிவு. ஒரு சொல் அங்கிருந்து இங்கு வரை உருண்டு வந்திருக்கிறது.

மெய்ப்புப்பணி:
திட்டும் சொற்களில் இன்னொரு சிக்கல்: குறி ஒருவர், அடி வேறொருவருக்கு. ‘சண்டாளன்’ என்று எழுதி வருவதை நான் அடித்துவிடுவேன். அது ஒரு சாதியின் பெயர். அதை வசையாகப் பயன்படுத்தக் கூடாது என்று 2024இல் தமிழ்நாட்டின் ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையமே அறிவுறுத்தியது. குற்றம் செய்தவரை விட்டுவிட்டு, தொடர்பே இல்லாத ஒரு கூட்டத்தை இழிவுபடுத்தும் கோபம் எனக்கு வேண்டாம்.

தீக்கொழுந்து:
அந்த ஒரு சொல்லை விட்டுவிடுகிறேன். மற்றவற்றை விடமாட்டேன்.

கூர்முனை:
விட வேண்டாம், பொருந்துகிற இடத்தில் போடுங்கள். சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில் கண்ணகி பாண்டியனைப் பார்த்துச் சொன்ன முதல் சொல் ‘தேரா மன்னா’. ஆராயாத அரசனே என்கிறாள். ‘வன்மையாக’ இல்லை, ‘கடும்’ இல்லை. அவன் செய்த பிழை எதுவோ அதையே அவனுக்கு அடைமொழியாக்கிவிட்டாள். தண்டிக்குமுன் விசாரிக்க வேண்டிய மன்னன் விசாரிக்கவில்லை. குற்றப்பத்திரிகை முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிட்டது. மக்களவையிலும் இதே முறைதான். நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. கண்டனத் தீர்மானத்துக்குக் காரணத்தைக் குறிப்பிட்டே ஆக வேண்டும்.

நடுப்பகல்:
கண்டனத் தீர்மானம் நிறைவேறினாலும் அரசு பதவி விலக வேண்டிய கட்டாயமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். காரணத்தோடு கண்டித்தால் கிடைப்பது அவ்வளவுதான்! கண்ணகியையும் முழுதாகப் பாருங்கள். அவள் கையில் இன்னொரு சிலம்பு இருந்தது. கோவலனிடமிருந்து பறித்ததை அரசன் கொண்டுவந்து வைத்ததும் அதை உடைத்தாள், மாணிக்கம் தெறித்தது, வழக்கு முடிந்தது. சம்பவம் நடந்த அன்றே அறிக்கை எழுத உட்காரும் சங்கச் செயலாளர் கையில் என்ன இருக்கிறது? யார் செய்தார், எப்படிச் செய்தார் எதுவும் தெளிவாகாத நேரம் அது. கண்டிக்கிறோம் என்பதைத் தவிர அவரால் வேறு என்ன எழுத முடியும்?

கூர்முனை:
விசாரணை வேண்டும் என்று எழுதலாம். வன்மையை இரண்டாவது அறிக்கைக்கு வைத்துக்கொள்ளட்டும்.

நடுப்பகல்:
இரண்டாவது அறிக்கையை எந்த நாளிதழ் அச்சிடுகிறது, ஐயா?